பிரைட்னர் இருக்க ஃபில்டர் எதுக்குக் கண்ணு?

ஃபில்டரு மோட்டாரு காதைக் குடையுதுன்னு அணைச்சுப் போட்டியாமா? நல்ல காரியம் கண்ணு. கரண்ட் பில்லு மிச்சம். நிக்கல் தொட்டித் தண்ணி பூராவும் மணிக்கு ரெண்டு வாட்டி கார்ட்ரிட்ஜுக்குள்ள போயி வரோணும்னு பம்பு வாங்கி வெச்ச உன்ற அப்பந்தான் வேலையத்தவன்.

இந்த ஹேண்டில்பாரைத் தடவிப் பாரு. மேல்பக்கம் சொரசொரங்குது, அடிப்பக்கம் வழவழங்குது. தண்ணியில மெதக்கற தூசி மேல்பக்கத்துலதான உக்காரும்? ஆனோட் பையும் கிழிஞ்சிருக்குமாட்ட இருக்குது. உனக்கெதுக்கு அந்தச் சோலி, பிரைட்னர் ஊத்து! மங்குனாலும் ஊத்து, குழி உழுந்தாலும் ஊத்து. அமெரிக்காவுல வாட்ஸ் வாத்தியாரு 1916-ல சொன்ன சரக்கு மூணே மூணு: நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் ஆசிட். நீ ஊத்தற ஊத்துல அது மூணுக்கும் தொட்டியில எடமிருக்குதா? லேசா வளைச்சாலே பூச்சு அப்பளமாட்ட நொறுங்குது.

கெட்டுப்போன பிரைட்னரு கரைஞ்சு கெடக்கற அழுக்கு. 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜுக்கெல்லாம் அது சிக்காது. பெராக்சைடு உட்டு, 60 டிகிரிக்கு மேல சூடேத்தி, பெராக்சைடு பூராவும் போனப்புறம் லிட்டருக்கு 2, 3 கிராம் கரித்தூளு போட்டுக் கலக்கோணும். ராத்திரி அடங்க உட்டு, வெடியால வேற தொட்டிக்கு வடிகட்டோணும். கரி நல்ல பிரைட்னரையும் சேத்து முழுங்கிரும். ஹல் செல்லுல 267 மில்லி எடுத்துத் தகடு போட்டுப் பாத்துத்தான் திரும்ப ஊத்தோணும். இத்தனை பாடு ஆரு படறது?

கம்பியில இருந்து நழுவுன ஜாப்பை எடுக்கக் காந்தம் உட்டுத் துழாவறியே, இரும்பு வரும். பித்தளை வருமா? அது அடியில படுத்துக்கிட்டு செம்பையும் துத்தநாகத்தையும் கரைச்சு உட்டுட்டிருக்கும். கரண்ட் எட்டாத மூலையெல்லாம் கறுக்கும். நெளிவுத் தகட்டைத் தொங்கவிட்டு, சதுர டெசிமீட்டருக்கு அரை ஆம்பியருக்குக் கீழ டம்மி ஓட்டுனா அந்தச் செம்பும் துத்தநாகமும் தகட்டோட ஒட்டிக்கிட்டு வந்துரும். ஆனா அன்னைக்கு புரொடக்சன் போயிரும்ல? பித்தளை கெடக்கட்டும், உடு.

அப்புறம், பிஎச் நாலுக்குக் கீழ ரொம்ப எறங்கிப்போச்சுன்னு காஸ்டிக் சோடாவை அள்ளிப் போட்டியாமா. நிக்கல் கார்பனேட்டு வெலை அதிகமாக்கும்! இப்பத் தொட்டி பூராவும் பச்சைக் களி. வெலை குடுத்து வாங்குன நிக்கலுதான் அது. அள்ளறதுக்கு ஆளு தேடாத கண்ணு, உன்ற மச்சான் சும்மாதான இருக்கறான்.