கொல்லைக்குளமும் இறக்குமதிக் கொள்கையும்: ஓர் ஆய்வு

கொல்லையில் குளம் வெட்ட ஒரு மண்வெட்டியும் வீட்டாரின் சம்மதமும் போதும். முதலாவது வாடகைக்குக் கிடைக்கும். வெட்டிய குளத்தைக் கட்டிக் காப்பது எப்படி என்ற கேள்வியைத்தான் அறிஞர் பெருமக்கள் இதுவரை தீண்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம்: திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம், 5 சென்ட் மனையில் வீடு போக மிஞ்சிய இடம். ஆய்வுப்பொருள்: 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழத்தில் சிமெண்ட் பூசிய ஒரு பள்ளம். கொள்ளளவு சுமார் 1,350 லிட்டர். இதைத் தொட்டி என்பார் உண்டு. பத்மதீர்த்தம் இருக்கிற ஊரில் இதைப் போய்க் குளம் என்பது அகந்தை என்பது அவர்கள் கட்சி. ஆனால் நாலு பக்கமும் கரை, நடுவில் தண்ணீர், தண்ணீரில் மீன், மீன்மேல் கொக்கின் கண் என்று சகல லட்சணங்களும் பொருந்தி வருவதால் குளம் என்றே கொள்கிறோம். கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இதற்குச் செல்லுமா என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். குளத்தைத் தூர்க்கும் உத்தேசம் நமக்கு இல்லை, அவசரமும் இல்லை.

நம் கருதுகோள் இது. குளத்தில் தலையெடுக்கும் ஒவ்வொரு தொல்லைக்கும் மனிதன் ஓர் உயிரினத்தைக் கொண்டுவந்து விடுகிறான். அடுத்த மழைக்குள் அந்த உயிரினமே தொல்லையாகி நிற்கிறது. இந்த விஷயத்தில் வீட்டுக்காரருக்கும் சர்க்காருக்கும் வித்தியாசம் கிடையாது. சர்க்காரின் குளம் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

புதுச் சிமெண்டின் காரம் மீனைக் கொல்லும். வாழைத்தண்டைத் துண்டு போட்டுச் சில நாள் ஊறவைத்துத் தண்ணீரை இரண்டு மூன்று தரம் மாற்றினால் அது அடங்கும். குழாய்த் தண்ணீரின் குளோரினுக்கு ஒரு நாள் வெயில் போதும். இவ்விரண்டும் எளிதில் தீர்ந்துவிடுவதால் ஆய்வுக்கு உதவாதவை.

ஆய்வு தொடங்குவது கொசுவில். சாயங்காலம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதோ தூசி என்று தோன்றும். விரலை நீட்டியதும் தூசிகள் ஒட்டுமொத்தமாக வளைந்து நெளிந்து அடிக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து, வால் நுனிக் குழாயைத் தண்ணீர்ப் பரப்பில் ஒட்டவைத்துத் தலைகீழாகத் தொங்கும். இந்த ஊரில் இதற்குக் கூத்தாடி என்று பெயர். தலைகீழாகத் தொங்கினால் கியூலெக்ஸோ ஏடிஸோ. பரப்பை ஒட்டி நீளவாக்கில் படுத்திருந்தால் அனாஃபிலிஸ். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும் என்பதால்தான் கேரள சுகாதாரத் துறை வாரம் ஒரு ‘ட்ரை டே’ வைத்திருக்கிறது: வெள்ளி பள்ளிக்கூடத்துக்கு, சனி ஆபீஸுக்கு, ஞாயிறு வீட்டுக்கு. தேங்கிய தண்ணீரையெல்லாம் அன்றைக்குக் கொட்டிவிட வேண்டும். (மதுக்கடை மூடுகிற ஒன்றாம் தேதி ட்ரை டே வேறு.) தண்ணீரைக் கொட்டாதே என்பது குளத்தின் தர்மம், கொட்டு என்பது ஞாயிற்றுக்கிழமையின் தர்மம். இந்த தர்மசங்கடத்தில் ஆஷா சுகாதாரத் தொண்டர் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார்.

“மாமி, இதுல மீன் உண்டோ?”

“உண்டும்மா. நெறைய உண்டு.”

“அப்பச் சரி.”

கூத்தாடியைத் தின்ன மீன் இருந்தால் தண்ணீரைக் கொட்ட வேண்டாம்; குடும்பம் முழுக்க மூச்சு விடுகிறது. அந்த ‘நெறைய’வின் வரலாறு கப்பி மீனிலிருந்து தொடங்குகிறது. டிரினிடாடில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்த லெக்மியர் கப்பி என்பவர் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பிவைத்ததால், 1866இல் அவர் பெயரையே வாங்கிக்கொண்ட மீன் அது. இன்ஸ்பெக்டர் வந்தால் வகுப்பு அடங்கும். இந்த மீன் வந்தால் எதுவும் அடங்குவதில்லை. முட்டையிடாமல் குட்டி போடும். ஏறக்குறைய மாதம் ஒரு ஈற்று. ஒரு முறை சேர்ந்த பெண்மீன், பிறகு ஆணே இல்லாவிட்டாலும் பல மாதம் ஈன்றுகொண்டிருக்கும். கடைக்காரர் அப்போதே சொன்னார்: “ரெண்டு ஜோடி போரும் சார், பாக்கி அது பாத்துக்கும்.” அவர் வாக்குப் பொய்க்கவில்லை.

இனி சர்க்காரின் குளத்துக்கு வருவோம். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல். அதற்குப் பிறகு கூத்தாடி தின்னும் மீனுக்கு உலகமெங்கும் கிராக்கி வந்தது. அமெரிக்காவில் பிறந்த கம்பூசியா, இத்தாலி வழியாக 1928இல் இந்தியா வந்து சேர்ந்தது. கொசுப்புழுவோடு உள்ளூர் மீன்களின் முட்டையையும் தவளையின் தலைப்பிரட்டையையும் தின்றது. தவளைதான் கொசுவைப் பிடிக்கும் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. 1952இல் திலாப்பியா வந்தது, தமிழ்நாட்டில் நாம் ஜிலேபி என்று கூப்பிடுவது. ஏழைக்குப் புரதம் என்பது திட்டம். அது குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும் தாய், ஆகவே பெருகியது. இன்று இவ்விரண்டும் உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கின்றன. ஒன்றுகூட நம் குளத்தில் இல்லை என்று அடக்கத்தோடு பதிவு செய்கிறோம்.

செடிகளின் கதையும் இதேதான். மீனுக்கு நிழல் வேண்டுமென்று ஒரு பிடி மிதவைச் செடியை யாரோ தருகிறார்கள். தருபவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதைக் கவனிக்க வேண்டும். அது ஆப்பிரிக்கன் பாயல் என்றால் சில நாளுக்கொரு முறை இரட்டிக்கும். விதையே கிடையாது. ஒடிந்த துண்டெல்லாம் புதுச் செடி. குட்டநாட்டு வயலையும் வாய்க்காலையும் இது மூடிக் கிடந்த காலம் உண்டு. பெயரில்தான் ஆப்பிரிக்கா, பிறந்த இடம் பிரேசில். 1980களில் அதன் தாய்நாட்டிலிருந்தே வந்த ஒரு வண்டினத்தை விட்டார்கள். இரண்டு மில்லிமீட்டர் அளவே தேறும் கருவண்டு. அது பாயலைத் தவிர வேறெதையும் சீண்டாமல் பெருமளவு தின்று தீர்த்தது. நம் கருதுகோளுக்கு நேர் எதிரான சான்று இது. மறைப்பது ஆய்வுநெறி ஆகாது. கப்பிக்கு அப்படி ஒரு வண்டு இன்னும் வரவில்லை.

கப்பி பெருகினால் பொன்மான் வரும், அதாவது மீன்கொத்தி. கப்பியை விட்டுவிட்டு அலங்காரத்துக்கு வாங்கிய பொன்மீனைக் கொத்துவது அதன் ரசனை. வலை கட்டினால் தென்னைமட்டை விழுந்து வலை கிழியும். தவளை வந்தால் பின்னாலேயே நீர்க்கோலி வரும். விஷமில்லாத பாம்புதான். ஆனாலும் ‘நீர்க்கோலி கடிச்சாலும் அத்தாழம் முடங்கும்’ என்பது இவ்வூர்ப் பழமொழி. ராத்திரிச் சாப்பாடு போனது போனதுதான். இடவப்பாதி மழையில் குளம் நிரம்பி வழியும்போது மீன் கரையேறுமா என்று கேட்பவர்களுக்கு: பனையேறிக் கெண்டை ஏறும். 1791இல் தரங்கம்பாடியில் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் அதைப் பனைமரத்திலேயே பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார். அடுத்த தொல்லையை உண்டாக்காத குளத்துப் பிராணி என்று நாம் அறிந்தது ஒன்றே ஒன்று: காசர்கோடு அனந்தபுரம் ஏரிக்கோயிலில் பிரசாதச் சோறு உண்டு வாழ்ந்த பபியா என்ற முதலை. அதுவும் 2022 அக்டோபரில் போய்ச் சேர்ந்தது.

ஆய்வின் முடிவுக்கு வருவோம். இத்தனை கடல் தாண்டித் தேடிய மீன், தெருமுனை ஓடையிலேயே இருக்கிறது. மானத்துக்கண்ணி: விரல் நீளம், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு, எந்நேரமும் தண்ணீரின் மேல்பரப்பிலேயே திரியும். கூத்தாடி மூச்சுக்கு வரும் இடமும் அதுதான். கப்பிக் குஞ்சு வாய்க்குச் சிக்கினால் அதையும் விடாது. தென்னிந்தியாவும் இலங்கையும் அதற்குச் சொந்த ஊர். ஒரு கைவலையும் அரைமணி நேரமும் இருந்தால் பிடித்துவிடலாம். அலங்கார மீன் கடையில் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

2018 வெள்ளத்தில் யாரோ வளர்த்த அராபைமா தப்பிப் போய்ச் சாலக்குடி ஆற்றில் பிடிபட்டது ஞாபகம் இருக்கலாம். அமேசானின் அந்த ராட்சத மீனும் ஒரு காலத்தில் யாருடைய குளத்திலோ விரல் நீளக் குஞ்சுதான். ஆகவே கொல்லைக்குளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மிஞ்சிய கப்பியையும் பாயலையும் பாவம் பார்த்துக் கிள்ளியாற்றிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். பாயலை வெயிலில் காயவைத்துத் தென்னைக்கு உரமாகப் போடுங்கள். கப்பியைத் தொட்டி வைத்திருக்கும் அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது முகத்தில் நிம்மதி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.