வாசல் பட்டறை

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் ஒற்றை லாரி உரிமையாளரின் வீட்டு வாசலே பட்டறையாக மாறுவதற்குச் சிக்கனம் காரணமாகச் சொல்லப்பட்டாலும், அந்தச் சிக்கனத்துக்கு ஆகும் செலவை அவர் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. 8 ஆண்டு கடந்த சரக்கு வாகனத்தின் தகுதிச் சான்று, பேச்சுவழக்கில் எஃப்.சி., ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியிருப்பதால், துருவுக்கும் உரிமையாளருக்குமான போர் தவறாமல் அரசின் முன்னிலைக்கு வந்துசேர்கிறது.

இப்போரின் உச்சம் சக்கர நட்டில் நிகழ்வது. பழைய லாரிகள் பலவற்றில், ஓட்டத்தில் நட்டுகள் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை, அதாவது வலஞ்சுழியாகத் திருகினால் கழலும் மரை, வைக்கப்பட்டிருக்கும். இதை மறந்து, ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி, மச்சானையும் அதன்மேல் ஏறி நிற்கச் சொல்லி, கழற்றுவதாக எண்ணி முறுக்கிக்கொண்டே போனால், ‘படக்’கென்ற ஓசையோடு ஸ்டட்டே முறிந்து கையோடு வருகிறது. (அதுவரை அறிவுரை வழங்கிய அண்டைவீட்டுக்காரருக்கு அக்கணத்தில்தான் அவசர வேலை நினைவுக்கு வரும்.)

டீசல் குழாயில் காற்றுப் புகுந்து எஞ்சின் கிளம்ப மறுக்கும் ‘ஏர்லாக்’ இதனினும் சாதுவானது. ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை காத்திருந்தால் போதும் என்றாலும், பெரும்பாலோர் பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடிப்பதையே வைத்தியமாகக் கொள்கின்றனர். எல்லாம் பூட்டியபின் தரையில் மிஞ்சிக் கிடக்கும் போல்ட்டுகளோ, கம்பெனிக்காரர் தேவையின்றிக் கூடுதலாக வைத்தவை என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டு, பெயின்ட் டப்பாவுக்குள் போய்ச்சேர்கின்றன.