கூட்டல் பிழை

அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்ப இருபத்தாறு மாதம் ஆனது. தமிழ்நாட்டில் ஒரு முதலமைச்சரை நாற்காலியிலிருந்து இறக்கப் பதினெட்டு வருஷம் ஆனது. எட்டே மாதத்தில் திரும்ப ஏறிவிட்டார்.

1972 ஜூன் 17. வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடம். எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நள்ளிரவில் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். ஜனாதிபதி நிக்சனைக் கவிழ்த்தது அந்தத் திருட்டுகூட இல்லை, அதை மூடி மறைக்கப் பார்த்ததுதான். தன் அறையில் தானே வைத்த டேப் ரிக்கார்டர் காட்டிக்கொடுத்தது. ஒரு டேப்பில் பதினெட்டரை நிமிஷப் பேச்சைக் காணோம். போனை எடுக்கும்போது பெடலில் கால் பட்டிருக்கும் என்றார் செயலாளர் அம்மா. நாடே சிரித்தது. விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எட்டுப் பேரும் ஒரே குரலில் ‘டேப்பைக் கொடு’ என்றார்கள். சொந்தக் கட்சிப் பெரிய தலைகளே வெள்ளை மாளிகைக்குப் போய், உங்களைக் காப்பாற்ற ஓட்டு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். 1974 ஆகஸ்ட் 9-ல் ஆள் ஹெலிகாப்டர் ஏறினார். அடுத்து வந்தவர் ஒரே மாதத்தில் மன்னிப்பு கொடுத்தது தனிக் கதை. அவர்களும் அரிச்சந்திரன் பரம்பரை இல்லை.

பதினெட்டரை நிமிஷத்துக்கே இந்தப் பாடு. பாவம், நிக்சனுக்குத் தொழில் தெரியவில்லை. டேப்பை அழித்தால் அழித்த தடம் இருக்கும். சாட்சியை மாற்றிப் பேசவைத்தால் தடமே இருக்காது. இதை அவர் நம்மிடம் வந்து படித்திருக்கலாம்.

1991 முதல் 1996 வரை ஜெயலலிதா முதல்வர். மாதச் சம்பளம் ஒரு ரூபாய். ஆட்சி போன பிறகு தொடுத்த வழக்கில், வருமானத்துக்கு மீறிய சொத்து 66.65 கோடி ரூபாய் என்றது காவல்துறை. சாட்சிகள் வந்தார்கள், சொன்னார்கள், பதிவானது. 2001-ல் அவரே மறுபடியும் முதல்வர். வழக்கை நடத்தும் போலீஸ் அவர் கையில். சாட்சிகளில் 76 பேரை மறு விசாரணைக்கு அழைத்தார்கள். 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அறுபத்து நான்கு பேர்! ஏன் மாற்றினீர்கள் என்று அரசு வக்கீல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தூக்கி பெங்களூருக்கு அனுப்பியது. ஒரு முதலமைச்சரை விசாரிக்க அவர் ஆளும் மாநிலத்தில் இடமில்லை. இதற்காகத் தமிழ்நாட்டில் யார் தலைகுனிந்தார்கள்?

வழக்கை மாற்றக் கேட்டு மனுப் போட்டவர் தி.மு.க.வின் க. அன்பழகன். நீதி மேல் வந்த காதல் என்று யாரும் கண்கலங்க வேண்டாம். அந்த வீட்டுக்கும் ஊழல் புகாரை விசாரிக்க சர்க்காரியா கமிஷன் என்று ஒன்று வந்தது, 1976-ல். 1980-ல் பார்த்தால், கமிஷன் போட்ட இந்திராவோடு தேர்தல் கூட்டணி. விசாரித்தவரும் விசாரிக்கப்பட்டவரும் ஒரே மேடையில்.

2014 செப்டம்பர் 27. பெங்களூரில் நீதிபதி குன்ஹா தீர்ப்பு: நான்கு வருஷம் சிறை, நூறு கோடி அபராதம். பதவி அன்றே போனது. அங்கே நிக்சனின் கட்சிக்காரன் ‘போய்விடுங்கள்’ என்றான். இங்கே மொட்டை போட்டான், மண்சோறு தின்றான், தீச்சட்டி எடுத்தான். இரண்டு நாள் கழித்துப் பதவியேற்ற அமைச்சர்கள் ரகசியக் காப்புப் பிரமாணத்தை விக்கி விக்கி வாசித்தார்கள். மக்கள் பணம் போனதற்காக அதுவரை ஒரு அமைச்சரும் அழுது நாம் பார்த்ததில்லை.

2015 மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சொத்து மிகுதி 8.12 சதவீதம்தான், பத்துக்குள் இருந்தால் பரவாயில்லை என்றது தீர்ப்பு. அந்தக் கணக்கில் ஒரு பட்டியல். வாங்கிய கடன்கள் வரிசையாக இருக்கின்றன. கூட்டினால் 10.67 கோடி வருகிறது. தீர்ப்பில் 24.17 கோடி என்றிருந்தது. பதிமூன்றரைக் கோடி, கூட்டல் பிழை.

எங்கள் சுரண்டைப் பக்கம் வாருங்கள். ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. முதுகு வளைய முப்பது வருஷம் சுற்றிய அம்மா தன் பி.எஃப். பணத்தை எடுக்கப் போகிறாள். ஆதாரில் ‘மாரியம்மாள்’, பி.எஃப். அட்டையில் ‘மாரியம்மா’. ஒரு ‘ள்’ குறைகிறது. பணம் கிடையாது. திருத்திக்கொண்டு வா, கையெழுத்து வாங்கி வா, அடுத்த வாரம் வா. தன் சொந்தப் பணத்துக்கு அந்த அம்மா தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறுகிறாள். ஒரு ‘ள்’ இவளை அலையவிட்டது. பதிமூன்றரைக் கோடி அங்கே பன்னிரண்டே நாளில் ஜெயலலிதாவை முதல்வர் நாற்காலியில் உட்காரவைத்தது. மறு வருஷம் நாமும் ஓட்டுப் போட்டு அதை உறுதி செய்தோம்.

2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா இறந்தார். 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் குன்ஹா சொன்னதே சரி என்றது. அதே வழக்கில் தண்டனை பெற்றிருந்த, முதல்வராகத் தயாராக நின்ற தோழி சசிகலா பரப்பன அக்ரஹாரச் சிறைக்குப் போனார். ஜெயலலிதா மேலான நடவடிக்கை மரணத்தோடு அற்றுப்போனது. நூறு கோடி அபராதத்தை விடக் கூடாது என்று கர்நாடகம் சீராய்வு மனுப் போட்டது. தள்ளுபடி.

2021 ஜனவரி 27-ல் சசிகலாவுக்கு விடுதலை. அதே நாளில் சென்னை மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தைத் திறந்துவைத்தார் முதல்வர் எடப்பாடி பழனிசாமி. செலவு ஐம்பது கோடிக்கு மேல். கொடுத்தது நாம். அபராதம் நூறு கோடி அன்று வரை வரவில்லை.