வெங்காயம் உரிக்க ஆள் வேணுமெண்டால்

தம்பி, ஜம்பட்டா வீதித் தேத்தண்ணிக் கடையில நீர் விடுகிற பெருமூச்சுக்கு இந்தக் கொட்டாஞ்சேனையே ஆடுது. மென்பொருளை எல்லாருக்கும் திறந்து வைச்சும் ஒரு குஞ்சும் கை குடுக்க வரேல்லையாம். அந்த கிட்ஹப் பக்கத்தை உம்மட போனில நானும் பாத்தன். ஒரு பொடியன் போன மாசம் கேள்வி கேட்டிருக்கிறான், மறுமொழி இல்லை. ஒரு பிள்ளை திருத்தம் அனுப்பியிருக்கு. அதுக்கு நீர் எழுதினது, ‘இடைவெளி சரியில்லை.’ உப்பிடியே நடத்தும் தம்பி. கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி கொளுத்தினாலும் சனம் வராது.

2004 மார்கழி 26 சுனாமியாக் கடல் வந்த பிறகு இதே கொழும்பில கணினிப் பொடியள் கொஞ்சப்பேர் கூடினவை. காணாமற்போனது ஆர், எந்த முகாமில எத்தினை பேர், எந்த நிறுவனம் எங்க நிக்குது, ஆருக்கு என்ன வேணும்? எல்லாத்தையும் பதிய ‘சகானா’ எண்ட மென்பொருளைக் கட்டினவை. லங்கா சொஃப்ட்வெயர் பவுண்டேஷன் பின்னால நிண்டது. வெத்திலை வைச்சு ஒருத்தரும் கூப்பிடேல்லை. வேலை கண்ணுக்கு முன்னால கிடந்தது, வந்தவை. உம்மட முகப்பில ‘அதிநவீனம், அதிவேகம்’ எண்டெல்லாம் கிடக்கு. ஆற்ற தலையிடியைத் தீர்க்கும் எண்டதை மட்டும் காணேல்லை.

அவசரம் முடிய, வந்த பொடியளில கனபேர் தங்கட வேலைக்குத் திரும்பிட்டினம். குறை சொல்லேலாது, அவைக்கும் வீடுவாசல் இருக்கு. பிறகு காசு தேடி, ஒரு சின்னக் குழு இருந்து அதைத் திருப்பி எழுதினது. 2005இல பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும், 2006இல பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அது போச்சுது. அமெரிக்காவிலிருக்கிற கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின்ர 2006ஆம் ஆண்டுச் சமூகநல விருதும் வந்துது. ஆர்வத்தில வாறவை போகத்தான் செய்வினம். அடுத்ததா வாறவன் எங்க தொடங்கிறது எண்டு எழுதி வைக்கோணும். உம்மட மென்பொருளை நிறுவிற விதம் உம்மட மண்டைக்குள்ள மட்டும் இருக்கு. அதுக்குள்ள ஆர் புகுந்து பாக்கிறது?

ஊரில கலியாணத்துக்கு முதல்நாள் பாத்திருப்பீர். வந்தவைக்குக் கத்தியும் ஒரு குவியல் வெங்காயமும் குடுத்தால் விடியவிடிய இருந்து, ஊர்க்கதையும் கதைச்சு, உரிச்சுத் தள்ளிப்போடுவினம். ‘நீங்க இருங்கோ, நான் பாக்கிறன்’ எண்டால் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போவினம். நீரும் சின்ன வேலையாப் பாத்து நாலை எடுத்து வெளியில வையும்: ஒரு எழுத்துப்பிழை, ஒரு பக்கத் தமிழாக்கம். நிரல் தெரியாதவையும் வரட்டும். 2005இல தொடங்கின எங்கட நூலகம் மின்னூலகத்தில பழம் பத்திரிகை தேடித் தாறவர் ஒருத்தர், ஸ்கான் பண்ணுறவர் இன்னொருத்தர், பட்டியல் போடுறவர் வேறொருத்தர். அந்தத் திருத்தம் அனுப்பின பிள்ளைக்கும் இண்டைக்கே நன்றி எழுதிச் சேர்த்துவிடும். இடைவெளியை நீரே போடும், விரல் தேயாது.

கடைசிச் சங்கதிதான் உமக்குக் கசக்கும். சகானாவை முதல்ல பிஎச்பி எண்ட நிரல்மொழியில எழுதினவை. பிறகு வெளிநாட்டு ஆக்கள் வந்து பைதனில புதுசா எழுதத் தொடங்கிச்சினம். நீர் எண்டால் மூண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டீர். கொழும்புப் பொடியள் இடம் விட்டினம். 2009இல சகானாவுக்கெண்டு தனி அறக்கட்டளை வந்துது. 2010இல ஹெய்ட்டி பூமியதிர்ச்சியில இடிஞ்சு விழுந்தபோது அங்க நிண்டது அந்தப் பைதன் பதிப்புத்தான்.

ஆனபடியால் நல்லாச் செய்யிற ரெண்டு பேருக்கு, உம்மைக் கேளாமல் திருத்தம் சேர்க்கிற உரிமையைக் குடும். திட்டம் கைவிட்டுப் போயிடும் எண்டு பயப்பிடாதையும். கொம்மா பெண் பாக்கிறா எண்டு கேள்வி. நீர் ஒருத்தர் மட்டும் கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கிற திட்டம், உமக்குக் கலியாணம் முற்றாகிற அண்டைக்கே அநாதை!