ஏழடிப்பட்டத்துக்கு மெத்தை வேண்டாம்

பெறுநர்:
உயர்திரு விளம்பர ஏல இயந்திரம் அவர்கள்,
இலவச இணையச் சேவைப் பிரிவு

பொருள்: மெத்தை தொடர்பாக.

ஐயா,

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டக் குகையிலுள்ள சமணர் படுக்கைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று உங்களிடம் தேடினேன். அன்றிலிருந்து என் கைப்பேசியில் மெத்தை விளம்பரம் ஓயவில்லை. ஸ்பிரிங் மெத்தை, முதுகுவலி மெத்தை, கூடவே தலையணை இலவசமாம். அந்தக் குகையில் இருப்பவை பாறையில் வழுவழுப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள். தலையணையும் கல்தான். உடம்பை வருத்திக்கொள்ளவே மலையேறியவர்கள் படுத்த இடம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்குள்ள பெரிய படுக்கையில், அதைச் செய்துகொடுத்தவர் பெயர் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழைய விளம்பரம். படித்துவிட்டு இறங்கியவர் பின்னாலேயே அது பக்கத்து ஊரான அன்னவாசல் வரை வந்ததில்லை.

உங்கள் வழக்கம் வேறு. 2004இல் ஜிமெயில் வந்த புதிதில், வரும் கடிதத்தைக் கணினி படித்துப் பக்கத்தில் விளம்பரம் ஒட்டியது. விளம்பரத்துக்காகப் படிப்பதை விட்டுவிடுவதாக 2017இல் கூகுள் அறிவித்தது. நீங்கள் இன்னும் எதையெல்லாம் படிக்கிறீர்களோ, படித்தும் இவ்வளவுதான் புரிகிறது. வாங்கிக் கிணற்றில் இறக்கிவிட்ட மோட்டாரை மறுபடி வாங்கச் சொல்கிறீர்கள். 'உங்கள் அருகில்' என்று காட்டிய அடுக்குமாடி வீடு சென்னையில் இருக்கிறது. அருகில்தான், ஒரு ராத்திரி பஸ்.

கீரமங்கலம் பூக் கமிஷன் கடைக்கு ஒருமுறை வந்து பாருங்கள். முல்லையைக் கொண்டுவந்தவர் எதிரிலேயே எடை போடுவார்கள், கமிஷனைக் கழித்துக்கொண்டு சீட்டும் பணமும் தருவார்கள். நீங்களோ நான் ஒரு பக்கத்தைத் திறந்து கண் சிமிட்டுவதற்குள் என் பார்வையை ஏலம் விட்டு முடித்துவிடுகிறீர்கள். சரக்கு என்னுடையது, பணத்தில் ஒரு காசும் எனக்கில்லை. சேவை இலவசம் என்ற பேர் மட்டும் எனக்கு.

எனக்கு அந்த மெத்தைக்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. சில விளம்பரத்துக்குக் காட்டினாலே காசு, சிலவற்றுக்குத் தொட்டால்தான் காசு. 'இவர் படுக்கை தேடுகிறவர்' என்று என்னைக் காட்டி அவரிடம் எவ்வளவு கறந்தீர்களோ!

ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, என்னை விற்ற தொகைக்கு ஒரு சீட்டாவது அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அது முடியாதென்றால் மெத்தைக்காரர் பணத்தையாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் கோரைப்பாயில் படுப்பவன்.

இப்படிக்கு,
ஏலத்தில் போன ஒருவன்,
புதுக்கோட்டை மாவட்டம்