மாப்பிள்ளைக்கு வேலை?

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடிச் சாலையில், விதுரையைத் தாண்டினால் கல்லாறு. அங்குள்ள பிள்ளை நாடகம் படிக்க ஆசைப்பட்டால், மலையிறங்கித் திருச்சூர் நாடகப் பள்ளிக்குப் போகலாம். 1977-இல் அதன் முதல் இயக்குநரான ஜி. சங்கரப் பிள்ளை அதே திருவனந்தபுரம் மாவட்டத்துச் சிறயின்கீழ்க்காரர். சாஸ்தாம்கோட்டையில் 1967-இல் நடந்த நாடகக் களரி என்னும் பயிற்சி முகாமில் அவருக்குத் தோள் கொடுத்தவர் நெல்லைச் சீமையின் சே. இராமானுஜம்; இவர் பிற்பாடு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் கற்பித்தார்.

இத்தனை நடந்தும் பெண் வீட்டார் கேள்வி மாறவில்லை: "நாடகமெல்லாம் சரி, மாப்பிள்ளைக்கு வேலை?"

மேடையேறாமலே நடிப்பவர்களுக்குப் பதவி, கார், சம்பளம் எல்லாம் உண்டு. நடிப்பைச் சொல்லித்தருபவருக்கோ பொன்னாடை. அதை எந்த அடகுக்கடையிலும் வாங்கமாட்டார்கள்.