மோட்டார் ரூமுல என்ன சத்தம்?

ஏப்பா, எங்க வெரசாப் போற? இப்பிடி வந்து திண்ணையில உக்காரு. பெரியப்பன் உன்னைத் திட்டுறதுக்குக் கூப்பிடல. ஒரு சந்தேகம் கேக்கணும், அம்புட்டுத்தான்.

ரெண்டு நாளா உன் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள்ள இருந்து ஒரு சத்தம் வருது. கரண்டு இல்லாத நேரமாப் பாத்து வருது. மோட்டார் ஓடாம என்ன சத்தம்னு வரப்புல நின்னு காதக் குடுத்தேன். மூக்கு சிந்துற சத்தம். கண்ணுல தூசின்னு எங்கிட்டச் சொல்லாத. தூசி விழுந்தா ஒரு கண்ணுலதான் விழும்.

அழு. வேண்டாங்கல. ஆனா யாரு அழுகுறதுன்னு ஒரு முறை இருக்குல்ல? பட்டாளத்துக்குப் போற ஒன் பயலுக்கு 18 முடிய இன்னும் நாள் கெடக்கு. அந்த வயசுல அக்னிவீரா எடுக்கணும்னா பெத்தவங்க கையெழுத்து வேணுமாம், விதி அப்பிடி. அந்தப் பாரத்துல கையெழுத்துப் போட்டது யாரு, நானா? மீசையை முறுக்கிக்கிட்டு, எங்கிட்டப் பேனா இரவல் வாங்கி, தமிழ்ல போடவா இங்கிலீசுல போடவான்னு நாலு பேர் கேக்குற மாதிரி கேட்டுப் போட்டவன் நீ. அந்தப் பேனா இன்னும் வீடு வந்து சேரல, அது வேற.

இப்ப டீக்கடையில உக்காந்து கணக்குப் போடுற. மொத வருசம் மாசம் 30,000 ரூபாயாம், அதுல 9,000 பிடிச்சுக்கிட்டு 21,000 கையில குடுப்பாங்களாம், நாலு வருசம் கழிச்சு வட்டியோட சேத்து 11.71 லட்சமாம், நூத்துக்கு இருவத்தஞ்சு பேரைத்தான் வச்சுக்குவாங்களாம், மத்தவனுக்குப் பென்சன் கெடையாதாம். அம்புட்டும் நெசம். நியாயமான கேள்வியும்கூட. 22 வயசுல ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பிட்டா அவன் அப்பறம் என்ன செய்வான்னு அரசாங்கத்தைக் கேளு, நானும் கூட வந்து கேக்குறேன். ஆனா ஒண்ணு. இதே கணக்கு பாரம் நிரப்புறப்பவும் இருந்துச்சு. அன்னைக்கு ஏன் ஒனக்கு வட்டி விகிதம் ஞாபகம் வரல? பய பெட்டி கட்டுற நாள் நெருங்க நெருங்க நீ பொருளாதாரம் பேச ஆரம்பிச்சுட்ட. ஆம்பளைக்கு அழுகை வந்தா அது மொதல்ல ரூவாக் கணக்காத்தான் வெளிய வரும். நான் ஒன்னை மாதிரி எத்தனை பேரப் பாத்திருக்கேன்.

ஒன் மாமன் ஒருத்தன் இன்னும் மேல. கேண்டீன் சரக்கு எப்ப வரும்னு இப்பவே கேக்குறான். நாலு வருசத்துல வெளிய வந்தா முன்னாள் ராணுவத்தார்ங்கிற பேரும் கெடையாது, கேண்டீன் கார்டும் கெடையாதுன்னு சொன்னேன். மூஞ்சி செத்துருச்சு. நாடு போச்சேன்னு அவன் வருத்தப்படுற வருத்தத்தப் பாத்தா ஒனக்கே பரவாயில்லன்னு தோணும். இன்னொருத்தன் பொண்ணைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான். நாலு வருசம் முடியிற வரைக்கும் அக்னிவீரன் கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு பாரு, அந்த ஒத்தை விதியை எழுதின மகராசன் எவனோ, அவன் காலத் தொட்டுக் கும்பிடணும். பய அந்த வீட்டுல இருந்து தப்பிச்சான்.

சரி, விசயத்துக்கு வாரேன். ஒனக்கு என்ன வலின்னு ஒனக்கே தெரியல. நான் சொல்றேன். எல்லையப் பத்தின பயம் அப்பறம்தான். மொதல்ல ஒனக்கு வெலிங்டன்ல அவனுக்குப் பயிற்சி குடுக்கப் போற உஸ்தாது மேல பொறாமை.

முழிக்காத. பதினேழு வருசமா அந்தப் பயலை எழுப்பிவிடத் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனவன் நீ. சொம்புத் தண்ணிய மூஞ்சியில ஊத்தியும் பாத்த. பாயைச் சுருட்டி வைடான்னு சொன்னா, சாயங்காலம் திரும்ப விரிக்கத்தானேன்னு சட்டம் பேசுனவன் அவன். அவன் இனிமே விடியக் கருக்கல்ல எவனோ ஊதுற விசிலுக்குத் துள்ளி எந்திரிப்பான். கட்டில் விரிப்புல ஒரு சுருக்கம் இருக்காது. பூட்ஸுல மூஞ்சி தெரியும். "சாவ்தான்"னு ஒரு சத்தம் கேட்டா அசையாம நிப்பான். நீ சொல்லிக் கேக்காத பய, தமிழ் தெரியாத ஒருத்தன் இந்தியில அதட்டுனா கேக்கப் போறான். அதத்தான் ஒன்னால செமிக்க முடியல. நீ இல்லாம அவன் நல்லா வந்துருவானோங்கிற பயம் இருக்கே, அது அவன் வரமாட்டானோங்கிற பயத்துக்குக் கொஞ்சமும் கொறஞ்சதில்ல.

இன்னொண்ணும் இருக்கு. சொன்னாக் கோவிச்சுக்குவ. சொல்றேன். ஊருக்குள்ள ஒங்க வீட்டுக்குப் பட்டாளத்தார் வீடுன்னு பேரு. அது ஒங்கப்பன் வாங்கிக் குடுத்த பேரு. நீயும் ஒரு காலத்துல ஆள் எடுப்புக்குப் போனவன்தான். ஒரு மைல் ஓட்டத்துல மொதல்ல வந்தேன்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டு இருக்க, ஓடுனது உண்மை. அப்பறம் டேப்பு வச்சு அளந்தாங்க. மூச்சை இழுத்தா மாரு அஞ்சு சென்டிமீட்டர் விரியணும். விரியல. திரும்பி வந்து ஒரு வாரம் யாருகிட்டயும் பேசல. பய பேரு லிஸ்ட்டுல வந்த அன்னைக்கு நெட் சென்டர் வாசல்ல நின்ன பாரு, அன்னைக்கு ஒன்னை அளந்திருந்தா டேப்பு பத்தாது. இந்த லட்சணத்துல அவனை விடியக்காலம் கண்மாய்க் கரையில ஓடவிட்டு, அஞ்சரை நிமிசத்துல முடிக்கணும்னு செல்போனைப் பிடிச்சுக்கிட்டு வேட்டியத் தூக்கிக் கட்டிப் பின்னாலயே ஓடுனவனும் நீதான். வேப்பமரத்துக் கெளையில பத்துத் தடவை அவனத் தொங்கவிட்டவனும் நீதான். காதுல அழுக்கு இருந்தா மெடிக்கல்ல நிப்பாட்டிருவாங்கன்னு யாரோ சொன்னதக் கேட்டு டவுன் டாக்டர்கிட்டக் கூட்டிப் போனவனும் நீ. ஒன்னோட ஆசையையும் சேத்துத்தான் அந்தப் பய ஓடுனான். அதனாலதான் இப்ப நெஞ்சு குத்துது. நான் தள்ளிவிட்டேனா, அவனாப் போறானான்னு ராத்திரி பூரா கேட்டுக்கிட்டு கெடக்க. ரெண்டும்தான்பா. இதுல பிரிச்சு எடுக்க என்ன இருக்கு?

மருமகளப் பாரு. அவ மோட்டார் ரூமுக்குப் போகல. அடுப்படியிலயே அழுதா, பக்கத்து வீட்டுல போய் அழுதா, முறுக்குக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டே அழுதா. இப்ப தெளிஞ்சுட்டா. நேத்து வழியனுப்பு விழான்னு ஃபிளக்ஸ் கட்டி மைக் வச்சாங்கல்ல, அதுல வாத்தியார் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டப் பத்திப் பேசுனாரு. புறநானூத்துல வார அந்தத் தாய். அண்ணன் போருல விழுந்தான், புருசனும் விழுந்தான், இருந்த ஒரே பயலயும் வேலைக் கையில குடுத்து அனுப்பிட்டாளாம். வாத்தியார் வேலு வேலுன்னு தொண்டை கிழியக் கத்துனாரு. கூட்டம் கை தட்டுச்சு. மருமக கை தட்டல. அந்தப் பாட்டுல அந்தத் தாய் மகன் தலையில எண்ணெய் தடவிச் சீவி விடுறான்னும் அவருதான் சொன்னாரு, போற போக்குல. அப்ப நான் மருமக மூஞ்சியப் பாத்தேன். அவளுக்கு அந்த இடம் மட்டும்தான் கேட்டிருக்கு. காலையில பயலை முற்றத்துல உக்கார வச்சுத் தலை நெறைய நல்லெண்ணெய் வச்சா. போன ஒடனே அங்க ஒட்ட வெட்டிருவாங்கம்மான்னு பய சொல்றான். வெட்டட்டும்டா, இன்னைக்கு இருக்குல்லங்கிறா. ஒன்னைவிட அவ வெவரம்.

ஒன் தாத்தன் கதை ஒனக்குத் தெரியாது. ஒங்கப்பன் 1970ல பட்டாளத்துக்குப் போறப்ப, எங்கய்யா பஸ் ஏத்திவிடக்கூட வரல. கமலை எறைக்கணும்னுட்டாரு. மகன் போறதுக்கும் மாடு தண்ணி எறைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு எங்காத்தா கேட்டதுக்குப் பதில் இல்ல. அன்னைக்கு நம்ம வயலுக்குப் பாய வேண்டிய தண்ணி பூராப் பங்காளி வயலுக்குப் பாஞ்சுச்சு. மடைய மாத்தித் தொறந்து விட்டுட்டு நின்னுருக்காரு மனுசன்.

மறு வருசம் டிசம்பர்ல பாகிஸ்தானோட சண்டை வந்துருச்சு. 3ஆம் தேதி ஆரம்பிச்சு 16ஆம் தேதி டாக்காவுல அவங்க சரணடையிற வரைக்கும் நடந்துச்சு. அப்ப ஊருக்கே பஞ்சாயத்து ரேடியோ ஒண்ணுதான். எங்கய்யா செய்தி நேரத்துக்குத் தவறாமப் போய் நிப்பாரு. ஏன் வந்தீகன்னு கேட்டா, மழைச் செய்தி கேக்க வந்தேம்பாரு. கெழக்க குண்டு விழுந்துச்சு, மேக்க விமானம் போச்சுன்னு ரேடியோ சொல்லும். இவரு தலையக் குனிஞ்சு கால் வெரலால மண்ணக் கிண்டிக்கிட்டு நிப்பாரு. முடிஞ்சதும், மழை ஒண்ணும் சொல்லலயான்னு எழுத்தர்கிட்டக் கேட்டுட்டு வருவாரு. தெனமும் இதே பாட்டு. சண்டை நின்னுருச்சுன்னு சொன்ன அன்னைக்கு ஊரே குதிக்குது. இவரு அப்பவும் எழுத்தர்கிட்டப் போய், "அப்ப இந்த வருசம் மழை இல்லையா?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம வீட்டுக்கு வந்து, எங்காத்தாகிட்ட ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னாரு.

ஒனக்கு மோட்டார் ரூமு அவருகிட்ட இருந்து வந்த சொத்து. அதான் சிரிப்பா இருக்கு.

ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லமாட்டேன். அப்பிடிச் சொல்றவன் வந்தா மோர் குடுத்து அனுப்பிரு, பேச்சுக் குடுக்காத. 2020 ஜூன்ல கல்வான்ல சீனாக்காரனோட நடந்த மோதல்ல 20 பேர் போனாங்களே, அதுல நம்ம ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியும் ஒருத்தர். அவருக்கு வீர சக்கரம் குடுத்தாங்க. அந்த மனுசனும் ஒரு நாள் இதே மாதிரி ஒரு வீட்டுல பெட்டி கட்டிப் பஸ் ஏறுனவருதான். நீ 'அமரன்'னு அந்தப் பட்டாளத்தார் படத்தப் பாத்துட்டு வந்து வீட்டுல யாருகிட்டயும் முகங்குடுக்காமத் திரிஞ்சது எனக்குத் தெரியும். பயப்படாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்தப் பயத்தப் பய காதுல போடாதன்னு மட்டும்தான் சொல்லுவேன். அவன்கிட்டயும் அது இருக்கும். ஒன்னோடதையும் சேத்து அவன் எதுக்குச் சொமக்கணும்?

அப்பறம் இந்த முறுக்கு. மூணு டின்னு கட்டி வச்சிருக்காளாம். ஒரு வருசத்துக்கு வரும்னு கணக்குப் போடுறா. அது மொத ராத்திரி தாண்டாது. பய சேரப் போற மதராஸ் ரெஜிமென்ட்டுன்னா தெக்கத்தி மாநிலம் அம்புட்டும் அங்க இருக்கும். மலையாளத்துப் பய ரெண்டு, தெலுங்குப் பய நாலு, கன்னடத்துப் பய ஒண்ணு, அம்புட்டுக்கும் ஓடி ஓடிப் பசி. நல்லதுக்குத்தான். முறுக்கப் பங்கு வச்சுத் தின்னவன்தான் நாளைக்கு இவன் கால் பெசகுனாத் தூக்கிட்டு வருவான். இன்னொரு டின்னு சேத்துக் கட்டச் சொல்லு.

போன் எடுக்கலன்னு வீட்டைத் தலைகீழாக்காத. பயிற்சியில நெனச்ச நேரத்துக்கெல்லாம் போனைக் குடுக்கமாட்டாங்க. அவனாக் கூப்பிடுறப்ப, சாப்பிட்டியா தூங்குனியான்னு கேட்டுக்கிட்டே நேரத்த முடிச்சுப்புடாத. இங்க ஆடு குட்டி போட்டது, ஒன் மாமன் சைக்கிள்ல இருந்து விழுந்தது, இதச் சொல்லு. வீட்டுச் செய்தி கேட்டாத்தான் அவனுக்குச் சோறு எறங்கும். அழுகை வந்தா ஒனக்குத்தான் வழி இருக்கே, சிக்னல் இல்லன்னு சொல்லு.

பஸ் ஸ்டாண்டுக்கு நீ போகணும். கமலைய எறைக்கிறேன், மோட்டாரப் பாக்குறேன்னு ஒளியக் கூடாது. கட்டிப்பிடிக்க வரலேன்னா வேண்டாம், நம்ம வம்சத்துல யாருக்கும் அது வராது. பெட்டிய மேல ஏத்திக் குடு. சில்லறை இருக்கான்னு கேளு. வண்டி நகந்ததும் திரும்பிப் பாக்காம வந்துருன்னு எவனாவது சொல்லுவான், கேக்காத. கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் நின்னு பாரு. ஒங்க தாத்தன் பாக்காம விட்டதுக்குப் பங்காளி வயல்ல வெளைச்சல் வந்ததுதான் மிச்சம்.

ஏழெட்டு மாசத்துல பயிற்சி முடிஞ்சு அணிவகுப்புன்னு பெத்தவங்களுக்கு அழைப்பு வரும். குன்னூருக்குப் பக்கத்துல, வெலிங்டன்ல. தேசியக் கொடிக்கு முன்னால நின்னு, அவனவன் வேதப் புத்தகத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணுவாங்க. பெத்தவங்களுக்கும் சட்டையில ஒரு பதக்கம் குத்திவிடுவாங்களாம். குத்துறப்ப வயித்த எக்கிக்க, ஊசி தொந்தியில ஏறிரப் போகுது. பய வந்து ஒனக்கு சல்யூட் அடிப்பான். நீயும் தெரிஞ்ச மாதிரி திருப்பி அடிச்சு வைக்காத, பொம்பளைக சிரிப்பாளுக. மடிச்சுக் கட்டுன வேட்டிய எறக்கிவிட்டு நின்னாப் போதும்.

வேனுல எனக்கும் ஒரு எடம் போட்டு வை. சன்னல் ஓரமாப் பாத்து. ஒன்னையத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும்னுதான் வாரேன், மத்தபடி பேரனப் பாக்கணும்னெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்ல. அப்பிடியே அந்தப் பக்கம் வர்க்கி நல்லா இருக்குமாம், ரெண்டு பொட்டலம் வாங்கணும். பல்லு இல்லாதவனுக்கு வர்க்கி எதுக்குன்னு கேக்காத, டீயில நனைச்சுக்குவேன். வரப்ப மறக்காம அந்தப் பேனாவ எடுத்துட்டு வா.